அறுநூற்றுக்கு ஆறு குறைவு

"பெட்டியில 144-னு போட்டிருக்கு. எனக்கு 60-க்கு மேல ஏறவே இல்ல. இது டூப்ளிகேட் பீஸ்ணா."

சொன்ன இளைஞனுக்கு மூச்சு வாங்கியது. 27 அங்குல மானிட்டர்ப் பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்தபடி சென்னை ரிச்சி தெருவின் குறுகலான மாடிப்படியில் ஏறி வந்திருந்தான். பெட்டி கண்ணை மறைத்திருக்க வேண்டும். படியைக் காலால் தடவித் தடவியே ஏறியிருக்கிறான். செருப்பு நுனியெல்லாம் சுவர்ச் சுண்ணாம்பு.

கடைக்காரர் பதறவில்லை. டூப்ளிகேட் என்ற குற்றச்சாட்டு அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. டீ கிளாஸை ஓரம் தள்ளினார், பில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். "வை தம்பி, பாத்துருவோம்."

முதுகுப் பையிலிருந்து மினி பிசி வெளியே வந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. உள்ளே ஏஎம்டி சிப். முன்பக்கம் இரண்டு யுஎஸ்பி. பின்பக்கம் எச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று. எச்டிஎம்ஐ துளைக்கு மேல் பொடி எழுத்தில் 2.1 என்று அச்சிட்டிருந்தது. இளைஞன் அந்த எண்ணை நகத்தால் தட்டிக் காட்டினான். சாட்சி சொல்ல ஆள் கூட்டி வந்தவனின் நம்பிக்கை அவன் முகத்தில்.

"என்ன ஓஎஸ் தம்பி?"

"லினக்ஸ். ஃபெடோரா."

"அதான்" என்றார் கடைக்காரர். அவரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. தன் விண்டோஸ் லேப்டாப்பை எடுத்து அதே கேபிளைச் செருகினார். திரை எழுந்தது. அமைப்புக்குள் போய் விரலால் காட்டினார்: 3840 × 2160, 144 ஹெர்ட்ஸ். "மானிட்டர் ஒரிஜினல். பேசாம விண்டோஸ் போட்டுரு தம்பி."

இளைஞன் பதில் சொல்லவில்லை. லேப்டாப்பின் மவுஸைப் பிடித்துத் திரையில் வேகமாக வட்டம் போட்டான். அம்புக்குறியின் சுவடுகள் நெருக்கமாக விழுந்தன. கேபிளைப் பிடுங்கித் தன் மினி பிசியில் செருகி அதே வட்டத்தைப் போட்டான். சுவடுகளுக்கு நடுவே இடைவெளி பல்லிளித்தது. 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, 144 என்றால் 6.9. கை நகரும் வேகம் ஒன்றுதான். கண்ணுக்கு நடுவில் கிடைக்கும் படங்கள்தான் குறைகின்றன.

கடைக்காரர் இரண்டையும் பார்த்தார். "எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது." பக்கத்தில் ரப்பர் பேண்டால் கேபிள்களைச் சுற்றிக்கொண்டிருந்த பையன் மட்டும் சுற்றுவதை நிறுத்தியிருந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து நடந்தது அந்தத் தெருவில் எல்லாக் கோளாறுக்கும் நடக்கிற முதல் சிகிச்சை: கேபிள் மாற்றம். ஆணியில் தொங்கிய ஒன்று, கண்ணாடி அலமாரிக்குள்ளிருந்து ஒன்று, கடைசியாக ஹாலோகிராம் ஒட்டிய அட்டைப்பெட்டியில் வந்த விலை உயர்ந்த ஒன்று. ஒவ்வொரு முறையும் திரை கறுத்தது, எழுந்தது, பட்டியலின் உச்சியில் 60 என்று நின்றது. இளைஞன் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு நின்றான்.

கடையின் உள்மூலையில், மேஜை விளக்குக்குக் கீழே ஒருவர் குனிந்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியிருப்பார். நெற்றியில் பூதக்கண்ணாடிப் பட்டை, கையில் சால்டரிங் அயர்ன், மேஜையில் யாருடையதோ ஒரு மதர்போர்டு. இவ்வளவு பேச்சிலும் ஒருமுறைகூட அவர் நிமிரவில்லை; ஈயப் புகையை மட்டும் அவ்வப்போது ஊதி விலக்கினார். பிக்சர் டியூப் காலத்தில் டிவி மெக்கானிக்காகத் தொடங்கியவர் என்பதை மேஜைக்கு மேலே இன்னும் மாட்டியிருந்த பழைய அனலாக் மல்டிமீட்டர் சொன்னது. கடைக்காரர் அவரை 'அண்ணே' என்கிறார். மற்றவர்கள் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் போய் நிற்கிறார்கள்.

"சைஸைக் குறைச்சுப் பாரு" என்றார், நிமிராமலே.

"என்னங்க ஐயா?"

"4கே வேணாம். 1920-ல வை."

வைத்தான். பட்டியல் நீண்டது. உச்சியில் 144. இளைஞன் ஒரு கணம் திரையையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பேனல் ஓடுது. டிரைவர் ஓடுது. வழிதான் பத்தல" என்று சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். "மானிட்டர் என்ன சொல்லுதுன்னு பாத்தியா?"

இளைஞன் டெர்மினலைத் திறந்து இடிஐடியைப் பிரித்துக் காட்டினான். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சின்ன நினைவகச் சிப் இருக்கிறது. கேபிள் செருகியதும் 'என் அகலம் இது, உயரம் இது, இத்தனை வேகத்தில் ஓடுவேன்' என்று கணினி அதிலிருந்து படித்துக்கொள்கிறது. 1994-ல் வெசா அமைப்பு வகுத்த முறை. அடிப்படைப் பகுதிக்கு 128 பைட், மேலே சேர்ப்பதற்கு இன்னொரு 128. வரிசையாக ஓடிய வரிகளில் 144 தெளிவாக இருந்தது. மானிட்டர் சொல்லியிருக்கிறது, மினி பிசியும் கேட்டிருக்கிறது. கேட்டதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

பெரியவர் கடைக்காரர் மடியிலிருந்த பில் புத்தகத்தை உருவி, பின்பக்க அட்டையில் பென்சிலால் எழுதினார்: 4400 × 2250 × 60.

"3840, 2160 தானே ஐயா?"

"அது கண்ணுக்குத் தெரியறது. ஓரத்துல தெரியாத புள்ளியும் போகும். டியூப் காலத்துல கதிர் ஒரு கோட்டை முடிச்சுட்டுத் திரும்பி வர்றதுக்கு நேரம் வேணும், அதுக்கு விட்ட இடம். டியூப் போயிருச்சு, அந்த இடம் போகல."

பெருக்கினார். 59 கோடியே 40 லட்சம். அதாவது 594 மெகாஹெர்ட்ஸ். கீழே ஒரு கோடு போட்டு 600 என்று எழுதினார். எச்டிஎம்ஐ 2.0-வின் உச்சம் அது. 4கே 60 அதற்குள் ஆறு குறைவாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு மேல் இடமில்லை. 1920-க்கு 2200 × 1125 × 144: 35 கோடியே 64 லட்சம், தாராளமாகப் போகிறது. 4கேயில் 144 வேண்டுமென்றால், ஓரங்களை எவ்வளவு சுருக்கினாலும் 130 கோடிக்கு வந்து நிற்கிறது.

அந்தக் கையெழுத்தின் வேகம் பழக்கத்தில் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் லினக்ஸில் திரை வர வேண்டுமானால் பல சமயம் இந்தக் கணக்கை நாமே போட்டு, எக்ஸ்எஃப்86கான்ஃபிக் என்ற கோப்பில் மோட்லைன் என்று ஒரு வரி எழுத வேண்டும். 1024 × 768-ஐ 85 ஹெர்ட்ஸில் ஓட்ட 94.5 மெகாஹெர்ட்ஸ், 1376, 808. எண் தப்பினால் டியூப் மானிட்டர் கீச்சென்று கத்தும். சில வகை மானிட்டர்கள் பழுதாகியும் போகும். அப்போது எண்ணுக்குப் பயப்பட வேண்டியிருந்தது. ஆனால் எண் யாருடைய சொத்தாகவும் இல்லை.

"ஆனா இதுல 2.1-னு போட்டிருக்கே?" இளைஞன் மறுபடியும் நகத்தால் தட்டினான்.

"சிப்புல இருக்கு. டிரைவர்ல எழுத விடல."

நடந்தது அதுதான். 2017-ல் வெளியான எச்டிஎம்ஐ 2.1, கம்பியில் தரவை அனுப்பும் முறையையே மாற்றி, நொடிக்கு 18 கிகாபிட்டாக இருந்த உச்சத்தை 48-க்கு உயர்த்தியது. எச்டிஎம்ஐ ஃபோரம் வகுத்த அந்த விவரக்குறிப்பு, ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு மட்டும். லினக்ஸின் ஏஎம்டி டிரைவரோ யாரும் வரிவரியாகப் படிக்கக்கூடிய திறந்த மூலம். இந்த வசதியை அதில் சேர்க்க ஏஎம்டியின் பொறியாளர்கள் வேலை செய்து, எச்டிஎம்ஐ ஃபோரத்திடம் அனுமதி கேட்டுக் காத்திருந்தார்கள். ஃபோரம் மறுத்துவிட்டது என்று 2024 பிப்ரவரியில் அவர்களே அறிவித்தார்கள். எழுதினால் அந்த விவரக்குறிப்பு ஊருக்கே தெரிந்துவிடும் என்பதுதான் சிக்கல். என்விடியா போன்றவர்கள் அந்த வேலையைத் தங்கள் மூடிய மென்பொருளுக்குள் வைத்துக்கொண்டு தப்பிவிடுகிறார்கள்.

இந்தத் தெருவில் திறக்க முடியாத பொருள் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒட்டிப் போட்ட போனை ஹீட் கன் வைத்துத் திறக்கிறார்கள். திருகே இல்லாத சார்ஜரைக் கத்தி முனையால் பிளக்கிறார்கள். அரிசி மணியைவிடச் சின்ன ரெசிஸ்டரைக் கழற்றி வேறொன்றை வைக்கிறார்கள். கீழே நடைபாதையில் ஸ்க்ரூடிரைவர்கள் எல்லா முனைகளிலும் கிடைக்கின்றன. அந்த மினி பிசியின் அடி மூடியைக் கழற்ற இவருக்கு நாலு திருகு போதும்; ஆனால் தடுப்பு பெட்டிக்குள் இல்லை. எங்கோ இருக்கும் ஒரு ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. அதற்கு முனை செய்து விற்க ஆளில்லை.

பெரியவர் அந்தத் தாளைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மினி பிசியைத் திருப்பி, பக்கத்துத் துளையைக் காட்டினார். "டிபி இருக்குல்ல? இதுல போடு."

எச்டிஎம்ஐ கண்ணில் பட்டால் அதில் செருகுவது கையின் பழக்கம். டிவி, புரொஜெக்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கின்றன. டிஸ்ப்ளேபோர்ட்டுக்குத் திறந்த மூல டிரைவரில் இந்தத் தடை கிடையாது. கடைக்காரர் இழுப்பறையைக் கிளறி, நீளமான பழைய டிபி கேபிள் ஒன்றை நீட்டினார். திரை ஒருமுறை மின்னியது, கறுத்தது, மறுபடி மின்னியது.

"லிங்க் ட்ரெய்னிங் ஃபெயில் ஆகுது" என்றான் இளைஞன், ஓடிய பதிவுகளைப் பார்த்து. இரண்டு முனைகளும் எந்த வேகத்தில் பேசுவது என்று முதலில் ஒத்திகை பார்த்துக்கொள்ளும். கம்பி தாங்காவிட்டால் ஒத்திகையிலேயே உடைந்துவிடும்.

பையன்தான் மானிட்டர்ப் பெட்டிக்குள் கைவிட்டான். தெர்மாகோலின் அடிக்குழியில், முறுக்குக்கம்பிகூடப் பிரிக்காமல், கம்பெனி வைத்து அனுப்பிய குட்டை டிபி கேபிள் கிடந்தது. இளைஞன் தலையைச் சொறிந்துகொண்டு வாங்கினான். இம்முறை படம் அசையாமல் நின்றது. ஆனால் 60-தான்.

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் குனிந்து மானிட்டரின் அடியில் இருந்த குமிழைத் தேடிப் பிடித்தார். மெனு விரிந்தது. பழைய கணினிகளுக்கு ஒத்துப்போகட்டும் என்று டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ல் வைத்திருந்தார்கள். 1.4-க்குத் தள்ளினார். 1.4-லும் 4கே 144 அப்படியே அடங்காது. பயனுக்கு வருவது 25.92 கிகாபிட்தான். படத்தைச் சுருக்கி அனுப்பி அந்தப் பக்கம் விரித்துக்கொள்ளும் டிஎஸ்சி முறையில் நுழைந்துவிடும்.

திரை கறுத்து எழுந்தது. பட்டியலில் 144. இளைஞன் வட்டம் போட்டான். பையன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"வீட்ல பழைய 60 ஹெர்ட்ஸ் ஒண்ணு இருக்கு ஐயா. பக்கத்துல மாட்டினா இதையும் இழுத்து 60-ல விட்டுருமா?"

"திரையை நடத்தற பழைய எக்ஸ்ல அந்தத் தொல்லை உண்டு. நீ புது வேலண்ட்தானே ஓட்டுற? ஒவ்வொண்ணுக்கும் அதது வேகம். மாட்டிக்கோ."

"டிவியா இருந்தா என்ன பண்றது அண்ணே? அதுல டிபியே இருக்காதே" என்றார் கடைக்காரர். முதன்முறையாக அவர் குரலில் வியாபாரம் தவிர வேறொன்றும் இருந்தது.

"நடுவுல கன்வர்ட்டர் சிப் வெச்ச கேபிள் போடணும். டிபியை வாங்கி 2.1-ஆ மாத்திக் கொடுக்கறது. சும்மா மூஞ்சியை மட்டும் மாத்தற கேபிள் ஆகாது." சொல்லிவிட்டுத் தன் மூலைக்குப் போய் பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

இளைஞன் பெட்டியைக் கட்டினான். டூப்ளிகேட் என்ற பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை. அவன் படியிறங்க, ஒதுங்கி வழிவிட்டு ஒரு நடுவயது மனிதர் உள்ளே வந்தார்.

"எச்டிஎம்ஐ 2.1 கேபிள் ஒண்ணு குடுங்க. நல்லதா."

ஹாலோகிராம் பெட்டியை நோக்கிப் போன கடைக்காரரின் கை பாதியில் நின்றது. "லினக்ஸா, விண்டோஸா சார்?"

வந்தவர் விழித்தார். "செட்டாப் பாக்ஸுங்க."

"அதுக்குள்ளயும் பெரும்பாலும் லினக்ஸ்தான். ஆணில தொங்கறதைக் குடுத்து அனுப்பு" என்றது மூலையிலிருந்து குரல்.