சித்தியும் நாலு ஆன்டிபாடியும்

காரைக்கால்ல யாருக்காவது ஈரல் கோளாறுன்னா ஊர் கேக்குற முதல் கேள்வி, "தண்ணி போடுவாரா?" சரக்கு விலை கம்மியான ஊராச்சே! ஆனா எங்க சித்தி டீ, காபி தாண்டி எதையும் தொட்டதில்லை.

மூணு மாசமா அசதி, மூட்டு வலி, அப்புறம் கண்ணுல மஞ்சள். தெருவே கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்துச்சு. மஞ்சள் இறங்குற மாதிரி இறங்கி மறுபடி ஏறுச்சு. டெஸ்ட் எடுத்தா, 40 பக்கம் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. 600ஐத் தாண்டி நிக்குது. ஹெபடைட்டிஸ் வைரஸ் எதுவும் இல்லை. டாக்டர் அடுத்து எழுதினது: ஏ.என்.ஏ., ஏ.எஸ்.எம்.ஏ., எல்.கே.எம்., ஏ.எம்.ஏ.

"என்ன தம்பி இது, பஸ்ஸு நம்பர் மாதிரி இருக்கு?"ன்னு சித்தி கேட்டுச்சு. நமக்குத்தான் பொட்டி தட்டுற புத்தியாச்சே, புரியாத எரர் கோடைப் பாத்தா தோண்டாம தூக்கம் வராது. தோண்டினேன்.

காவலுக்கு வெச்ச நாய் வீட்டுக்காரனையே கடிக்கிற கதைதான் இந்த நோய். பேரு ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ். 1950ல ஸ்வீடன் டாக்டர் வால்டன்ஸ்ட்ரோம் இளம்பெண்கள்கிட்ட இதைப் பாத்து எழுதினார். இன்னிக்கும் ஆண்களை விட பெண்களுக்குத்தான் அதிகம் வருது.

டெஸ்ட் செய்யற விதம் சுவாரஸ்யம். எலியோட ஈரல், சிறுநீரகம், இரைப்பையை மெல்லிசா சீவி கண்ணாடியில ஒட்டி, அது மேல நம்ம ரத்தத்தோட சீரத்தை விடுவாங்க. ஆன்டிபாடி இருந்தா ஒட்டிக்கும். ஒளிரும் சாயத்தைச் சேத்து மைக்ரோஸ்கோப்ல பாத்தா பச்சையா மின்னும். செல்லோட உட்கரு மின்னினா ஏ.என்.ஏ.; இரைப்பைத் தசையும் ரத்தக்குழாய்ச் சுவரும் மின்னினா ஏ.எஸ்.எம்.ஏ.; எல்.கே.எம். பெரும்பாலும் குழந்தைங்களுக்கு, ஏ.எம்.ஏ. வந்தா சந்தேகம் பித்தக்குழாய் நோய் பக்கம் போகும். 1:80ன்னா சீரத்தை 80 மடங்கு நீர்க்க வெச்ச பிறகும் மின்னுதுன்னு அர்த்தம்.

சித்திக்கு ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ். மத்த மூணும் நெகட்டிவ். "அதான் வந்துடுச்சே, மாத்திரையைக் கொடுங்க, ஈரல்ல ஊசி எதுக்கு?"ன்னு வீட்டுல ஒரே சண்டை. டாக்டர் அசையலை.

அவர் பக்கம்தான் நியாயம். 1997ல வந்த ஒரு ஆய்வுல, நோயே இல்லாதவங்கள்ல 1:40ல 100க்கு 30 பேருக்கு மேல, 1:80ல 13 பேருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ். நோய் இருந்தும் ஆன்டிபாடி காட்டாத ஆளுங்களும் உண்டு. 2008ல வந்த மதிப்பெண் முறையில மொத்தம் 8. வைரஸ் இல்லாததுக்கு 2, ஐ.ஜி.ஜி.க்கு 2, ஊசி போட்டு எடுக்குற ஈரல் துணுக்குக்கு 2. ஆன்டிபாடி எவ்வளவு மின்னினாலும் 2க்கு மேல கிடையாது. 6 வந்தா சந்தேகம் பலமாகும், 7 வந்தாதான் உறுதி.

சித்தி பயந்துகிட்டே புதுச்சேரி போய் ஊசி போட்டுகிச்சு. ஐ.ஜி.ஜி.யும் துணுக்கும் சேந்து 8. பிரட்னிசலோனும் அசதியோப்ரினும் ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல எஸ்.ஜி.பி.டி. 70. இதே நோயை கவனிக்காம விட்டா ஈரல் சுருங்கி சிரோசிஸ்ல போய் நிக்கும். இப்போ சித்தியோட ஒரே புகார், ஸ்டீராய்டால மூஞ்சி பூரி மாதிரி உப்பிடுச்சாம். நல்லா ஆயிடுச்சுன்னு மாத்திரையை மட்டும் தானா நிறுத்திடக் கூடாது, நோய் திரும்ப வர்றது சகஜம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ரிப்போர்ட்ல பாசிட்டிவ்னு பாத்துட்டு அழறவங்களும், நெகட்டிவ்னு பாத்துட்டு வீட்டுக்குப் போறவங்களும் தயவுசெஞ்சு ஈரல் டாக்டரைப் பாத்துடுங்க மக்களே.