ஆளில்லாத தீவு

எங்கள் தோட்டம் கைமாறிப் பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட்டபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. ஸ்டோரில் இயந்திரம் பார்த்தவனுக்குச் செம்பனையில் என்ன வேலை? கொடுத்த காசை வாங்கிக்கொண்டு 1996-இல் டவுனுக்கு வந்தோம். மகன் அப்போது ஐந்தாம் படிவம். வந்த காசில் ஒரு பகுதி கம்ப்யூட்டருக்குப் போனது அவன் அம்மாவின் பிடிவாதத்தால். "படிக்கத்தானே கேக்குறான்!" என்றாள்.

படித்தானோ இல்லையோ, இரவு பன்னிரண்டு மணிக்கும் அவன் அறையில் விளக்கு எரியும். எனக்கோ வேலை இல்லை. அவனோடு பேச்சும் இல்லை. ஒருநாள் ஏசுவதற்கென்றே எழுந்து போனேன்.

திரையில் ஒரு தீவு. ஆள் அரவமே இல்லை. அலையும் காற்றும்தான் கேட்டன. மூழ்கிய கப்பல், பெரிய பல்சக்கரங்கள், ஒரு நூலகம். சுடுவதற்கு எதிரி இல்லை, புள்ளிக் கணக்கு இல்லை, இதைச் செய் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஏச வந்தவன் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் உண்டு. தோட்டத்தைவிட்டுக் கிளம்பிய அன்று சாவியை ஒப்படைக்குமுன் ஸ்டோருக்குள் ஒருமுறை போய்வந்தேன். ரப்பர்ப் பால் கட்டியை அழுத்தித் தகடாக்கும் உருளைகள் அசையாமல் நின்றன. புகைவீட்டில் வாடை மட்டும் மிச்சம். யாரோ விட்டுப்போன மங்கு ஒன்று சன்னல் ஓரம் கிடந்தது. அந்த அமைதியை மறுபடி இந்தத் திரையில்தான் கண்டேன். அங்கே இருந்தவர்கள் யார், எங்கே போனார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த விளையாட்டின் பெயர் 'மிஸ்ட்'. அமெரிக்காவில் ரேண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணனும் தம்பியும் உருவாக்கி 1993-இல் வெளிவந்தது. பெட்டியோடு வாங்கியவர்களுக்குக் குறிப்பெழுத ஒரு வெற்றுப் புத்தகமும் கிடைத்ததாம். மகனுடையது கூட்டாளியிடம் இரவல் வாங்கிய சீடி. பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கம்தான் எங்கள் குறிப்பேடு. அவன் படம் வரைவான், நான் எழுதுவேன்.

புதிர்கள் சில அநியாயம். நிலத்தடியில் தண்டவாளம் மேல் ஓடும் ஒரு வண்டி. எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி சுரங்கம். மூன்று இரவு சுற்றினோம். "விடை எழுதின புத்தகம் விக்கிதுப்பா, வாங்கிடலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். வாங்கிவிட்டால் அத்தோடு அவன் அறைக்குள் நான் போக வழியில்லையே!

நான்காம் இரவு கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஸ்டோரில் இருபது வருஷம் எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்னவன் நான். வண்டி நிற்குமிடத்திலெல்லாம் ஒரு சிறு ஒலி வந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதம்.

"தம்பி, இதை முன்னேயே கேட்டிருக்கோம்."

"எங்கப்பா?"

"அந்தச் சுத்துற கோட்டையில. வடக்கே திரும்பினா ஒரு சத்தம், கிழக்கே திரும்பினா வேற சத்தம்."

அவன் பழைய பக்கத்தைப் புரட்டினான். ஒலி காட்டிய திசையில் வண்டியைத் திருப்பினான். கடைசியில் ஒரு கதவு திறந்தது. எங்கள் கூச்சலில் அவன் அம்மா எழுந்து வந்து இருவரையும் சேர்த்து ஏசினாள். மறுநாள் பசியாறும்போது அவனாகவே என்னிடம் பேசினான், பரீட்சைக் கட்டணத்தைப் பற்றி.

அவன் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான். 2021-இல் கணினிக்கு வந்த புதிய மிஸ்டைச் சென்ற பள்ளி விடுமுறையில் பேத்தி இங்கே கொண்டுவந்தாள். நான் பெருமையாகப் பீரோவிலிருந்து பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது உதவாது தாத்தா. இதுல விடையெல்லாம் மாத்தி வைக்கலாம். நான் மாத்தி வச்சிட்டேன்."

நான் மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். அவள் புதுப் புத்தகம் ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.