குடியிருக்க வந்த வியாதி

வியாதிகளில் இரண்டு வகை உண்டு. ஜுரமும் ஜலதோஷமும் விருந்தாளி மாதிரி. நாலு நாள் படுத்திவிட்டு ஊருக்குப் போய்விடும். சர்க்கரை வியாதி அப்படியல்ல. பெட்டி படுக்கையோடு குடித்தனம் வந்துவிடுகிறது. இதில் வேடிக்கை, வாடகையும் வீட்டுக்காரன்தான் கொடுக்க வேண்டும்!

குடித்தனம் என்ற அளவில் அது அடங்கியதே பெரிய காரியம். 1922 ஜனவரியில் கனடாவிலுள்ள டொராண்டோவில், லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்ஸுலின் போட்டு வைத்தியம் செய்தார்கள். அதற்கு முன் இந்த வியாதி கண்ட குழந்தைகளை அரைப்பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் ஆயுளை இழுத்துப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பையன் அப்புறம் 13 வருஷம் வாழ்ந்தான்.

என்னிடமும் இந்த வியாதி ஏழு வருஷமாகக் குடியிருப்பதால், பிறர் அதோடு எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று கவனிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

நண்பர் ஒருவர், ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றைத் துறந்து, கீரையும் மோருமாகத் தபஸ் இருப்பார். டாக்டரிடம் சபாஷ் வாங்கிக்கொண்டு திரும்புகிற வழியில் ஜாங்கிரி. ஆனால் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை ஒன்று இருக்கிறதே! ரத்தத்தின் சிவப்பு அணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரை, ஜாங்கிரிக் கணக்கையும் சேர்த்து ஒப்பித்துவிட்டது.

என் பெரியம்மா வேறு ரகம். முப்பது வருஷமாக இன்ஸுலின். காலையில் ஊசி, அரை மணி கழித்துப் பலகாரம். ராத்திரி படுக்குமுன் கைக்கண்ணாடியில் உள்ளங்கால் இரண்டையும் பார்த்துக்கொள்வாள். நரம்பு மரத்துவிட்டால் முள் குத்தினாலும் தெரியாது. அப்படித் தெரியாமல் வளர்ந்த புண்ணால் காலையே இழந்தவர்கள் உண்டு. மற்றபடி வியாதியைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

பெரியப்பா ஒரு நாள் விடியற்காலையில் காலமானார். வீடு நிறைய ஜனம். இன்னும் எடுக்கவில்லை. வழக்கமான நேரத்துக்குப் பெரியம்மா எழுந்து உள்ளே போய் ஊசி போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டிலிருந்து வந்த இரண்டு இட்லியைச் சாப்பிட்டாள். “இன்றைக்குமா?” என்று ஓர் உறவுக்காரி முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. பெரியம்மா கை அலம்பிக்கொண்டு வந்து, பெரியப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

பல மாதம் கழித்து அதைப் பற்றிக் கேட்டேன்.

“அதுக்கு வேண்டியது பத்து நிமிஷம்டா. குடுத்துட்டா மீதி நாள் என்னோடது. அன்னிக்கு எனக்கு அந்த மீதி நாள் வேண்டியிருந்தது. நான் மயங்கி விழுந்து, எல்லாரும் அவரை விட்டுட்டு என்னைப் பார்க்கும்படி ஆகணுமா?”

பத்து நிமிஷம். வாடகை அதிகம் என்று சொல்வதற்கில்லை.