கலைத்த கட்டுக்கு ஞாபகம் இல்லை

கணக்கு சிஸ்டர் ஒரு நாள் கையில் சீட்டுக்கட்டுடன் வகுப்பினுள் நுழைந்தார். தோழியர் அனைவரும் கொல்லென்று சிரித்தனர். எனக்கு மட்டும் நெஞ்சு திக்கென்றது. எங்கள் வீட்டில் சீட்டு என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலில் என் தாய்மாமா விடிய விடிய மங்காத்தா ஆடினார். அந்தக் கடனை அடைக்க அத்தையின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. (அத்தையின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.) "மூணு தடவை வெளியே விழுந்தா, அடுத்தது உள்ளே விழுந்துதானே ஆகணும்? என் நேரம், விழலை" என்று மாமா அடிக்கடி சொல்லி வருந்துவார்.

அன்றைய பாடம் நிகழ்தகவு. சிஸ்டர் சீட்டுகளை மேசைமேல் பரப்பினார். மொத்தம் 52, நான்கு வகை, வகைக்கு 13. ஒரு சீட்டை உருவினால் அது ஏஸாக இருக்க நிகழ்தகவு 4/52, அதாவது 1/13. அந்த ஏஸைத் திரும்ப வைக்காமல் இன்னொன்றை உருவினால், மீதமுள்ள 51இல் ஏஸ் மூன்றுதான். ஆகவே 3/51, அதாவது 1/17. இரண்டுமே ஏஸாக அமைய 1/221. ஆனால் எடுத்ததைத் திரும்ப வைத்து நன்றாகக் கலைத்துவிட்டால்? மறுபடியும் அதே 1/13!

"கலைத்த கட்டுக்கு முன்பு நடந்தது எதுவும் ஞாபகம் இராது" என்றார் சிஸ்டர். எனக்கு மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது.

பிரான்சு நாட்டு அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல், பாதியில் நின்ற சூதாட்டத்தின் பணத்தைப் பங்கிடுவது பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டதிலிருந்து இக்கணக்கு வளர்ந்ததாம். அதே ஆண்டு நவம்பர் 23 இரவு பாஸ்கல் ஆழ்ந்த இறையனுபவம் பெற்றார். அதை எழுதிய தாளைத் தம் மேலங்கிக்குள் தைத்து வைத்திருந்தார்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாமா வீட்டுக்குச் சென்றேன். பத்து நாள், நாளுக்கு 20 ஆட்டம். பந்தயம் கிடையாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் கட்டைக் கலைத்து, ஒரு சீட்டை வெளியில் எடுத்து வைத்து, முதல் சீட்டை உள்ளே பக்கத்தில் போட்டு ஆடினோம். மாமா சீட்டைப் போட, நான் நோட்டில் குறித்தேன். இம்முறையில் முதல் சீட்டு விழும் பக்கத்துக்கு 1000க்கு 515, மறுபக்கத்துக்கு 485 என்று சிஸ்டர் முன்பே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். முந்தைய ஆட்டங்கள் எப்படிப் போயிருந்தாலும் இது மாறாது.

200 ஆட்டங்களில், தொடர்ந்து மூன்று முறை வெளியே விழுந்தது 22 தடவை. அதற்கடுத்த ஆட்டத்தில் உள்ளே விழுந்தது 12, வெளியே விழுந்தது 10.

மாமா வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். "அப்போ என் நேரம் கெட்டதில்லையா, அம்மாடி?" என்றார்.

"இல்லை மாமா, உங்க கணக்குதான் தப்பு" என்றேன். சொன்ன பிறகு, பெரியவரிடம் அப்படிப் பேசிவிட்டோமே என்று பயந்தேன். அவர் கோபிக்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்துத் தரச் சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வளையல்கள் இன்னும் அடகில்தான் உள்ளன. ஆனால் இப்போதெல்லாம் மாமா நேரத்தைப் பழிப்பதில்லை. மாதந்தோறும் அடகுக்கடைக்குச் சிறிது பணம் கட்டி வருகிறார். மதிப்பெண்ணுக்காக மட்டுமே கணக்கு என்று எண்ணியிருந்த எனக்கு, அது ஒரு குடும்பத்தின் கண்ணீரைத் துடைக்கவும் உதவும் என்று உணர்த்திய சிஸ்டருக்கு என் நன்றி.

— பத்தாம் வகுப்பு மாணவி