திருப்பருத்திக்குன்றத்துக் கூரையும் ஒரு நெசவாளியின் கண்ணும்

பிரான்ஸுக்குப் போன காலேஜ் நண்பன் ஒருத்தன் ஃபோன்டெனே மடாலயத்தோட போட்டோக்களை அனுப்பியிருந்தான். 1118-ல் தொடங்கின துறவியர் மடம். "உங்க காஞ்சிபுரத்துல இப்படி ஏதாவது இருக்காடா?"ன்னு ஒரு கேள்வி வேற.

இருக்கு மக்களே. இங்க வர்றவங்க காமாட்சி அம்மன், வரதராஜர், ரெண்டு பட்டுப்புடவைன்னு முடிச்சிட்டு பஸ் ஏறிடறாங்க. வேகவதி ஆத்தைத் தாண்டினா திருப்பருத்திக்குன்றம். பழைய பேரு ஜினகாஞ்சி. சமண முனிவர்கள் இருந்த ஊர்.

போன ஞாயிறு காலை, நைட் டியூட்டி முடிச்சு வீட்டுக்குப் போகாம நேரா அங்க போனேன். திரைலோக்கியநாதர் கோயில். முன்னாடி இருக்கிற சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர், தன் குரு புஷ்பசேனர் சொல்லி 1387-ல் கட்டினார். அண்ணாந்து பார்த்தா கூரை முழுக்க ஓவியம். ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் கதைகள் வரிசை வரிசையா. கண்ணன் கதையும் உண்டு. சமண மரபுல நேமிநாதர் கண்ணனுக்கு உறவு. சில இடத்துல பூச்சு உதிர்ந்து வெறும் சுண்ணாம்பு தெரியுது.

கழுத்து வலிச்சதால தரையில மல்லாந்து படுத்துத்தான் எடுத்தேன். (ஃபிளாஷ் போடாதீங்க.) அப்படியே பத்து நிமிஷம் தூங்கியும் போயிட்டேன், அது வேற விஷயம்.

மறுநாள் ஓபி. அறுபது வயசு தறிக்காரர். "கோர்வை போடறப்போ இழை தெரியல சார், ஒரு வாரமா வலது கண்ணுல கருப்பா நூல் நூலா மிதக்குது." பன்னிரண்டு வருஷமா சுகர். மாத்திரை சாப்பிடறார். கண்ணை மட்டும் ஒரு தடவைகூட காட்டினதில்ல. "நல்லாத்தானே தெரிஞ்சுது சார்!"

அதுதான் இதுல பிரச்சனை. சுகர் விழித்திரையோட மெல்லிய ரத்தக்குழாய்களை அரிக்கும்போது வலிக்காது, ஆரம்பத்துல பார்வையும் குறையாது. கசிஞ்சு ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். லேசர் வைக்கலாம், இருக்கிறதைக் காப்பாத்தலாம். போனது பெரும்பாலும் திரும்பாது. சுகர் இருந்தா வருஷத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்றது இதுக்குத்தான்.

கண் பிரிவுக்குச் சீட்டு எழுதறப்போ ஊர் எதுன்னு கேட்டேன். திருப்பருத்திக்குன்றம்.

"நேத்து உங்க ஊர்லதான் ஐயா இருந்தேன்"னு போனை நீட்டினேன். இடது கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோய்ப் பிடிச்சார். சாமியைப் பார்க்கல, கதையைப் பார்க்கல. ஆடுற பெண்ணோட சேலையை விரலால பெருசாக்கினார்.

"சின்ன வயசுல நானும் படுத்துக்கிட்டுத்தான் பார்ப்பேன் சார். எங்கப்பா இந்தக் கட்டத்தையும் கரையையும் காட்டித்தான் சொல்லிக் கொடுத்தார்." கொஞ்ச நேரம் கழிச்சு, "இங்க ஒரு சிவப்பு இருக்கும். போயிடுச்சா, எனக்குத்தான் தெரியலையா?"

வாங்கிப் பார்த்தேன். பாதி உதிர்ந்திருந்தது, பாதி இருந்தது. அப்படியே சொன்னேன்.

"அடுத்த படம் காட்டுங்க சார்"னார். பின்னாடி வரிசையில இருந்த அம்மா சத்தம் போட ஆரம்பிச்சிட்டாங்க. இன்னும் ரெண்டு படம் காட்டிட்டுத்தான் அவரை கண் பிரிவுக்கு அனுப்பினேன்.