உயிலங்குளத்து வயல்களும் ஓர் அவசர ஆணையும்

மன்னார்த் தீவை விட்டுத் தாம்போதியைக் கடந்து மதவாச்சி வீதி வழியே செல்வோர்க்கு, கடலின் உப்புக் காற்று மெல்ல அடங்க, வயல்வெளி விரிந்து வருவது ஒரு தனிக் காட்சி. திருக்கேதீச்சரத்துக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டி, முருங்கனை எட்டுமுன் அமைந்துள்ள ஊரே உயிலங்குளம். மார்கழி மாதத்தில் இவ்வழியே செல்லும் வாசகர்கள், வீதியின் இருமருங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற நெற்பயிரைக் கண்டு மகிழ்வர் என்பதில் ஐயமில்லை.

இப்பசுமைக்குத் தாய் கட்டுக்கரைக்குளம். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்ததாகக் கருதப்படும் இப்பெருங்குளம், அருவி ஆற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்துத் திருப்பிய நீரைப் பெறுகின்றது. பெருங்குளத்தின் துருசுகள் திறக்கப்பட, வாய்க்கால் வழியே நூற்றுக்கு மேற்பட்ட சிறுகுளங்கள் நிரம்புகின்றன. அவற்றிலிருந்து வயல்கள் நீர் பெறுகின்றன. முன்னோர் வகுத்த இம்முறையில் அவசரம் என்பதற்கு இடமே இல்லை.

இம்மக்கள் பட்ட துயரமும் சிறிதன்று. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலத்தில், இரு தரப்பாரின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இடைப்பட்ட கடவையாக இருந்தது இவ்வூரே. போர் மீண்டும் மூண்டு 2009இல் முடிந்தபின், திரும்பி வந்தோர் பற்றை வெட்டி, வரம்பு கட்டி, கடன்பட்டு விதைத்தனர். அவ்வாறு மீண்டெழுந்த வயல்களை நோக்கியே 2021ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து ஓர் ஆணை வந்தது.

அவ்வாண்டு மே மாதம் 6ஆந் திகதி வெளியான வர்த்தமானி, இரசாயன உரங்களையும் பூச்சிகொல்லி, களைகொல்லி மருந்துகளையும் இறக்குமதி செய்வதைத் தடுத்தது. நாடு முழுவதும் சேதன விவசாயத்துக்கு மாறவேண்டும் என்பதே அதன் நோக்கம். நோக்கத்தை இகழ்வதற்கில்லை. அருவி ஆறு புறப்பட்டு வரும் அநுராதபுரப் பகுதியில் 1990களிலிருந்து சிறுநீரக நோய் பரவி, எத்தனையோ கமக்காரக் குடும்பங்களைக் கலங்கச் செய்திருந்தது. அதன் காரணம் ஐயந்திரிபற நிறுவப்படாவிடினும், விவசாய இரசாயனங்கள் மீது பலரது ஐயம் விழுந்திருந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் ஆட்சியாளரை உந்தியது. 2019ஆம் ஆண்டுத் தேர்தல் வேளையில் பத்து ஆண்டுகளிற் படிப்படியாகச் செய்வதாகக் கூறப்பட்ட மாற்றம், இப்போது ஒரே ஆணையில் முடிந்துவிடும் என்று எண்ணப்பட்டது.

மாணவர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் ஏறத்தாழ 23 கிலோ நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கே நைதரசன் இருக்கும். ஆகவே ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக ஒன்றரை முதல் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட கூட்டெரு வேண்டும். அதிலுள்ள சத்தும் உடனே பயிரைச் சேராது. மண்ணில் மெல்ல மெல்ல, ஆண்டுக் கணக்கில் வெளிப்படும். மூன்றரை மாதத்தில் விளையும் நெல் அதுவரை காத்திருக்குமா? மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய இனங்கள் குறைந்த ஊட்டத்திலும் தம்மால் இயன்றதைத் தந்தன. பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்த இன்றைய இனங்களோ, மிகுந்த ஊட்டம் பெற்று மிகுந்த விளைச்சல் தருமாறு உருவாக்கப்பட்டவை. பட்டி மாட்டெருவும் குழையும் நல்லவையே. ஆனால் நாட்டு வயல்கள் அனைத்துக்கும் போதிய அளவில் அவை ஒரே போகத்திற் கிடைத்தல் அரிது.

விளைந்தது யாது? சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதன உரத்தில் தீங்கான பற்றீரியா இருப்பதாகக் கூறி அது திருப்பி அனுப்பப்பட்டது. எனினும் 67 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. நவம்பர் பிற்பகுதியில் தடை நீக்கப்பட்டபோது காலபோகப் பயிர் வயலில் நின்றது. உரமோ கையில் இல்லை. முந்திய காலபோகத்தில் நாடு முழுவதும் 30 இலட்சம் தொன்னளவில் இருந்த நெல் விளைச்சல், 2021/22 காலபோகத்தில் 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே இறங்கியது. காலபோகத்தையே பெரிதும் நம்பி வாழும் உயிலங்குளம் போன்ற ஊர்களுக்கு அது எத்தகைய இடி என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அரிசியை இறக்குமதி செய்யவும், நட்டமடைந்த கமக்காரர்க்கு ஈடு வழங்கவும் அரசு பணந் தேட வேண்டியதாயிற்று. செலாவணியைச் சேமிக்க எண்ணிய செயலே செலாவணியை விழுங்கியது. 2022இல் யூரியா மூடை ஒன்று 40,000 ரூபா வரை விலையேறியது.

இவற்றினும் பெரிய நட்டம் ஒன்று உண்டென்பது எமது கருத்து. யூரியாவை அளவுக்கு மீறி வீசுவது மண்ணுக்கும் நீருக்கும் நல்லதன்று என்பது இன்றும் உண்மையே. ஆயினும் அதனை எடுத்துச் சொல்ல வருபவரைக் கமக்காரர் ஐயுறவோடு நோக்கும்படி அந்த ஒரு போகம் செய்துவிட்டது. பசித்த வயிற்றுக்கு முன் நற்கொள்கையின் பெயரே கசந்தது. இந்தியாவின் சிக்கிம் மாநிலம் இத்தகைய மாற்றத்தை 2003ஆம் ஆண்டில் அறிவித்து, 2016இலேயே நிறைவேறியதாகப் பிரகடனஞ் செய்தது. சிறியதொரு மலை மாநிலத்துக்கே பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன!

வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே திருப்புதல், மண்ணைச் சோதித்து வேண்டிய அளவே உரமிடுதல், ஒரு மூலை வயலிற் பழைய இனத்தை விதைத்துப் பார்த்தல் ஆகியவை மெதுவான வழிகள். ஆனால் கமக்காரர் தாமே கண்டு தெளியக்கூடிய வழிகள். கட்டுக்கரைக் குளத்து நீர் துருசு வழியே அளவோடு வந்தால் வயல் விளையும். அதே நீர் அணையை உடைத்துக்கொண்டு வந்தால் வயல் அழியும். நாட்டுக்கு நன்மை செய்ய விழைவோர், ஆணையில் ஒப்பமிடுமுன் ஒருமுறை இவ்வரம்புகளில் நடந்து, இங்கு விதைப்போரிடம் கேட்டறிதல் நலம்.