கண்ணகி சமைத்த சாப்பாடு

"இந்த மாசம் என்ன புஸ்தகம், என்ன சமையல்?" எங்கள் தெருவில் பெண்கள் சந்தித்துக்கொண்டால் இதுதான் பேச்சு. சிரிக்காதீர்கள் சகோதரிகளே! மதுரை பழங்காநத்தத்தில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படிக்கிறோம். கடைசி ஞாயிறு யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவோம். படித்த புத்தகத்துக்குப் பொருத்தமாக ஏதாவது சமைக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' படித்த மாதம் கம்மஞ்சோறும் மோரும். தி. ஜானகிராமன் படித்த மாதம் வெறும் காப்பிதான்; ஆனால் டிகாக்‌ஷன் மட்டும் மூன்று தடவை இறக்கினோம்!

போன வைகாசியில் மாடிவீட்டு டீச்சரம்மா ஒரு யோசனை சொன்னார். "சிலப்பதிகாரத்துல கொலைக்களக் காதைன்னு ஒண்ணு இருக்கு. மதுரைக்கு வந்த கண்ணகி கோவலனுக்குச் சமைச்சுப் போடுறா. என்னென்ன காய்னுகூட இளங்கோவடிகள் சொல்லியிருக்கார். அதைப் படிப்போம், அதையே சமைப்போம்."

எனக்குத் திக்கென்றது. "அது கோவலனோட கடைசிச் சாப்பாடாச்சே! அதைப் போய் யாராவது ஆசையாச் சமைப்பாங்களா?" என்றேன்.

எங்களில் மூத்தவரான பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சமைக்கிறப்ப எவளுக்குடி தெரியும், இது கடைசின்னு?"

பெரியம்மாவின் வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனவர், உயிரோடு திரும்பவில்லை. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவியோடு மதுரைக்கு வந்தவர்கள். அவர் இருவரையும் மாதரி என்ற இடைச்சியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். இருவரும் சமண நோன்பு உடையவர்கள் என்பதால் புலால் கிடையாது. பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். ஆயர் பெண்கள் கொண்டுவந்து கொடுத்தவை பலாக்காய், வரி ஓடிய வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி நெல் அரிசி, கூடவே பாலும் பால்படு பொருள்களும்.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் எல்லாமே கிடைத்தன. வாழைக்குச் சிறுமலைப் பழம்! ஆனால் மிளகாய் போடக் கூடாது என்று டீச்சரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிளகாய் நம் நாட்டுக்கு வந்து ஐந்நூறு வருஷம்தான் ஆகிறதாம். அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த சரக்கு. தக்காளியும் உருளைக்கிழங்கும் அப்படித்தான். காரத்துக்கு மிளகு ஒன்றே துணை.

பலாப்பிஞ்சைக் கையிலும் அரிவாள்மணையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போட்டோம். மஞ்சள், உப்புச் சேர்த்து வேகவைத்து, உதிர்த்து, நெய்யில் மிளகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டினோம். மாதுளைக்கு வழி சொன்னது பெரும்பாணாற்றுப்படை. மாதுளங்காயை வெண்ணெயில் வதக்கி, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலப்பதை அந்தப் பழைய பாட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். புளிப்பும் உறைப்புமாக அப்படி ஒரு ருசி! வெள்ளரிக்காய் தயிர்ப் பச்சடி ஆயிற்று.

அன்று காலையில் முதலில் எங்கள் பேட்டையிலேயே இருக்கும் கோவலன் பொட்டலுக்குப் போனோம். கோவலன் வெட்டுப்பட்ட இடம் என்று ஊரார் சொல்வார்கள். தொல்லியல் துறையினர் தோண்டி முதுமக்கள் தாழிகளைக் கண்டெடுத்த இடம் அது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே குடியிருந்தும் அன்றுதான் அங்கே நின்று பார்த்தேன்.

பிறகு வேனில் காளவாசல் வழியாகத் தேனி ரோட்டைப் பிடித்துக் கீழக்குயில்குடிக்குப் போனோம். அங்கேதான் சமணர் மலை இருக்கிறது. கவுந்தியடிகளைப் போன்ற சமணர்கள் வாழ்ந்த மலை என்பதால் அங்கே சாப்பிடுவது என்று முடிவு. அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், குடை விரித்த மாதிரி பெரிய ஆலமரம். சின்னவர்கள் படியேறிப் பேச்சிப்பள்ளம் வரை போய், பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்த்து வந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பங்கள், வட்டெழுத்தோடு.

ஆலமரத்தடியில் பனையோலைத் தடுக்குப் போட்டு, குருத்து வாழையிலை விரித்தோம். கண்ணகியும் அப்படித்தான் பரிமாறினாளாம். என் மகள், ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி, பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். "நீ சின்னவ, முதல்ல பெரியவங்களுக்குப் பரிமாறு" என்று கரண்டியை அவள் கையில் கொடுத்திருந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டோம். டீச்சரம்மா வாசித்தார். பழக்கமில்லாத வேலை, காய் நறுக்கியதில் கண்ணகியின் விரல் சிவந்தது, முகம் வியர்த்தது, கண் சிவந்தது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் அடுப்பு மூட்டிக் கொடுத்தாள். புருஷனின் காலைக் கழுவி, தரையில் தண்ணீர் தெளித்துத் தடவி, இலை போட்டுப் பரிமாறி, வெற்றிலை பாக்கும் கொடுத்தாள். அவன் மனம் கசிந்து பேசிவிட்டு, ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

புத்தகத்தை மூடியதும் பெரியம்மா கேட்டார்: "அது சரி, அந்தப் பிள்ளை சாப்பிட்டுச்சா?"

டீச்சரம்மா மறுபடி பக்கத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் தேடினார். "அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லே பெரியம்மா."

யாரும் பேசவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி. என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஓர் இலைகூடப் போடவில்லை. பால் கொடுக்கிற பெண்!

இரண்டு வருஷத்துக்கு முன் நான் அடுப்படியில் மயங்கி விழுந்தபோது ஹீமோகுளோபின் எட்டு என்றார்கள். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழிச்சுச் சாப்பிடுற ஆளா நீங்க?" என்று டாக்டரம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் இந்த ஒன்றை என் மகளுக்கு நானே அல்லவா பழக்கிக்கொண்டிருந்தேன்?

பெரியம்மா எழுந்து கை கழுவினார். குழந்தையை என் மடியில் போட்டார். மகளைத் தடுக்கில் உட்காரவைத்து, கரண்டியை வாங்கி, பலாக்கறியை இரண்டு தரம் வைத்தார். நெய்யை அவரே ஊற்றினார். "மெதுவாச் சாப்பிடு தாயி" என்றார். அவள் தலை குனிந்தபடி சாப்பிட்டாள். கண் கலங்கியது மிளகாலா என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு வீட்டில் எல்லாத் தட்டுகளையும் ஒன்றாக வைத்தேன். "என்ன விசேஷம்?" என்றார் என்னவர். "எனக்கும் பசிக்குது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நீங்களும் உங்கள் ஊர்ப் புத்தகம் ஒன்றை எடுத்து, அதில் வரும் சாப்பாட்டைச் சமைத்துப் பாருங்களேன். இலை போடும்போது மட்டும் எண்ணிப் போடுங்கள், உங்கள் இலையையும் சேர்த்து!